ரூட்டாலும் அழிக்க முடியாத ஃபைல்

கேள்வி இதுதான்: ஒருவர் உபுண்டு சர்வரில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அட்மினாக, லாகின் ஆகியிருக்கிறார். பழைய வெப்சைட் ஃபோல்டர் ஒன்றை நீக்க வேண்டும். எல்லா ஃபைலும் போய்விட்டது, ஒன்றே ஒன்று மட்டும் போகவில்லை. ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை அடித்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. சிஹெச்மாட் போட்டு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுக்கப் பார்த்தாலும் அதே பதில், ஓனரை மாற்றப் பார்த்தாலும் அதே பதில். "ரூட்டுக்கே இல்லாத அனுமதி வேறு யாருக்கு இருக்கும்? டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்கிறார்.

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. விடை அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது, நாம்தான் அதைப் படிக்காமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறோம். யூனிக்ஸில் 'முடியாது' என்று சொல்ல ஒரே ஒரு வாசகம் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் பெரும்பாலும் ரீட், ரைட், எக்ஸிக்யூட் பிட்களில் கோளாறு. அனுமதியை மாற்றும் சிஹெச்மாட், ஓனரை மாற்றும் சிஹெச்ஓன் வேலை செய்யும். 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் மவுண்ட்டை, அதாவது டிஸ்க் சிஸ்டத்தோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை, பார்க்க வேண்டும். டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடமும் அதுதான். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வேறு வகை. அந்த பிட்கள் பிரச்சினையே இல்லை, இந்தச் செயலையே இங்கே செய்யக் கூடாது என்று சிஸ்டத்தின் மையமான கெர்னல் சொல்கிறது. சாதாரண யூசருக்கு இது வந்தால், ஸ்டிக்கி பிட் (அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்கலாம் என்ற குறி) வைத்த டெம்ப் ஃபோல்டரில் அடுத்தவர் ஃபைலை அழிக்கப் பார்த்ததாகக்கூட இருக்கலாம். ரூட்டுக்கே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபைலின் அட்ரிப்யூட் கொடிகளைத்தான், அதாவது வழக்கமான பெர்மிஷனுக்கு மேல் ஃபைலில் வைக்கப்படும் தனிக் குறிகளை.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் எழுதுகிறேன். லினக்ஸில் இரண்டு: கொடிகளைக் காட்டுவது எல்எஸ்ஆட்டர், மாற்றுவது சாட்டர். பின்னதை டைப் செய்யும்போது சி, ஹெச், ஏ, டி, டி, ஆர் என்ற ஆறு சிறிய எழுத்துகள். இடையில் ஒரு டி விட்டுப்போவது எல்லாருக்கும் நடக்கும்.

முதலில் பாருங்கள்:

எல்எஸ்ஆட்டர் ஃபைல்பெயர்

வரிசையாகச் சிறு கோடுகள் வரும், நடுவே ஓரிரண்டு எழுத்துகள் இருக்கும். எக்ஸ்ட்4 டிஸ்க்காக இருந்தால் கிட்டத்தட்ட எல்லா ஃபைலிலும் ஒரு சிறிய 'இ' தெரியும். அது எக்ஸ்டென்ட் முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி, அதைத் தொட வேண்டாம். நீங்கள் தேடுவது சிறிய 'ஐ' அல்லது சிறிய 'ஏ'. ஃபைலில் இரண்டும் இல்லையென்றால் அது இருக்கும் ஃபோல்டரைப் பாருங்கள். ஃபோல்டருக்கு மைனஸ் டி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவற்றைத்தான் பட்டியல் போடும். ஒரு ஃபைலை அழிப்பது என்பது உண்மையில் ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. ஆகவே பூட்டு ஃபோல்டரில் இருந்தாலும் ஃபைல் போகாது. மறந்துவிட்டு அரை மணி நேரம் தேடியவர்களில் நானும் ஒருவன்.

'ஐ' இருந்தால் எடுக்கும் வழி ஒரு வரி:

சூடோ சாட்டர் -ஐ ஃபைல்பெயர்

மைனஸ் எடுக்கும், பிளஸ் வைக்கும். ஈக்வல் குறியும் உண்டு. அது 'இவை மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும்' என்று பொருள்படும். அதை நான் பயன்படுத்துவதில்லை. ஃபோல்டர் முழுவதற்கும் என்றால் பெரிய ஆர் சேர்க்கலாம். எண்டர் தட்டும் முன் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுப்பது ஒரு வரி வேலை. அதை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, ஏனென்றால் இந்தக் கொடி தானாக வருவதில்லை. உங்கள் விஷயத்தில் ஃபைலின் பெயர் புள்ளியில் தொடங்கி 'யூசர் டாட் ஐஎன்ஐ' என்று இருந்தால் கவலை வேண்டாம். சில ஹோஸ்டிங் பேனல்கள் பிஹெச்பி அமைப்புகளை யாரும் கலைத்துவிடாமல் இருக்க அந்த ஃபைலில் 'ஐ' வைத்துவிடும். வேறு பெயராக இருந்தால் இரண்டு சாத்தியங்கள்: உங்களுக்கு முன்னால் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வேண்டுமென்றே வைத்திருக்கலாம், அல்லது அழையாமல் உள்ளே வந்த ஒருவர் வைத்திருக்கலாம். அந்த இரண்டாவது கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த 'ஐ' சரியாக என்ன செய்கிறது என்று பார்ப்போம். இம்யூட்டபிள், அதாவது மாற்ற முடியாதது. உள்ளடக்கத்தை மாற்ற முடியாது, அழிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது, பெர்மிஷனை மாற்ற முடியாது, அதற்கு இன்னொரு ஹார்டு லிங்க்கூட, அதாவது அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர்கூட, போட முடியாது. படிக்கலாம், காப்பி எடுக்கலாம். ஃபோல்டரில் வைத்தால் கதை மாறுகிறது: அங்கே புது ஃபைல் உருவாகாது, இருப்பது போகாது, ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களின் உள்ளடக்கத்தைத் தாராளமாக மாற்றலாம். வீட்டுக்குள் யாரும் வரவும் கூடாது போகவும் கூடாது, உள்ளே இருப்பவர்கள் சட்டை மாற்றிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. ஃபோல்டரைப் பூட்டிவிட்டு உள்ளே எல்லாம் பத்திரம் என்று நம்பி இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'ஏ' என்பது அப்பெண்ட் ஒன்லி. கடைசியில் சேர்க்கலாம், ஏற்கெனவே எழுதியதைத் திருத்த முடியாது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதைப் போல. ஷெல்லில் கடைசியில் சேர்க்கும் இரட்டை அம்புக்குறி வேலை செய்யும், பழையதை அழித்து எழுதும் ஒற்றை அம்புக்குறி தோற்றுவிடும். லாக் ஃபைல்களுக்கென்றே பிறந்த கொடி இது. ஃபோல்டரில் வைத்தால் புது ஃபைல்கள் சேரலாம், எதுவும் நீங்காது.

இவற்றுக்கு வயது முப்பதுக்கு மேல். லினக்ஸ் பக்கத்தில் சாட்டர் என்ற கருவி எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டத்தோடு வந்தது. 1993-இல் எக்ஸ்ட்2-வை உருவாக்கிய ரெமி கார்ட் எழுதியதுதான் இதுவும். இன்றைக்கும் அது இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பில்தான் இருக்கிறது, அதனால்தான் மேனுவல் பக்கத்தில் எக்ஸ்ட் குடும்பத்தின் வாடை அடிக்கும். ஆனால் எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவையும் 'ஐ', 'ஏ' இரண்டையும் மதிக்கின்றன. பென்டிரைவில் இருக்கும் ஃபேட் டிஸ்க்கில் முயன்றால் 'இன்அப்ரோப்ரியேட் ஐஓகன்ட்ரோல் ஃபார் டிவைஸ்' என்று புரியாத ஒன்று வரும். இந்த ஃபைல் சிஸ்டத்துக்கு அந்தச் சமாச்சாரமே தெரியாது என்று அர்த்தம்.

மேனுவலில் இன்னும் ஒரு டஜன் எழுத்துகள் உண்டு. பலவற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். சிறிய 'எஸ்' வைத்தால் ஃபைலை அழிக்கும்போது அதன் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் என்றும், 'யூ' வைத்தால் அழித்ததை மீட்கலாம் என்றும் எழுதியிருக்கும். நம்பிவிடாதீர்கள். எக்ஸ்ட்2, 3, 4 மூன்றுமே அந்த இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. கொடி ஏறும், காரியம் நடக்காது. அதே மேனுவலின் கடைசியில் பிழைகள் என்ற தலைப்பின் கீழ் இதை ஒப்புக்கொண்டும் இருப்பார்கள். பெரிய 'ஏ' கடைசியாகப் படித்த நேரத்தைப் பதிவதை நிறுத்தும். அந்தப் பதிவையே குறைத்துவிடும் ரெல்ஏடைம் என்ற மவுண்ட் அமைப்பு இயல்பாகவே வந்துவிட்ட பிறகு அதற்குப் பெரிய தேவை இல்லை.

நிஜமாகவே பயன்படும் ஒன்று பெரிய 'சி', அதுவும் பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு. அந்த ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதும். விர்ச்சுவல் மெஷின் டிஸ்க், டேட்டாபேஸ் ஃபைல் போல நடுநடுவே ஓயாமல் எழுதப்படுபவை இதனால் துண்டு துண்டாகிவிடும். பெரிய 'சி' வைத்தால் அந்தப் பழக்கம் நிற்கும். ஆனால் அந்த ஃபைலுக்கு டேட்டா கெட்டதா என்று சரிபார்க்கும் செக்சம் பாதுகாப்பும் கம்ப்ரெஷனும் கிடைக்காது. இன்னொன்று, ஏற்கெனவே டேட்டா உள்ள ஃபைலில் வைத்துப் பயனில்லை. காலி ஃபைலில்தான் வைக்க வேண்டும். நடைமுறையில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதில் கொடியை வைத்து, பிறகு ஃபைலை உள்ளே காப்பி செய்வார்கள். ஒரே டிஸ்க்குக்குள் மூவ் செய்தால் பழைய ஃபைல் பழையபடிதான் இருக்கும்.

இப்போது கேள்வியின் உண்மையான முடிச்சுக்கு வருவோம்: ரூட்டையே தடுக்கும் பூட்டை ரூட்டே திறக்கிறாரே, அப்புறம் அது என்ன பூட்டு?

நியாயமான சந்தேகம். லினக்ஸில் இந்தப் பூட்டின் சாவி அதே கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. 'ஐ', 'ஏ' இரண்டையும் வைக்கவோ எடுக்கவோ கேப் லினக்ஸ் இம்யூட்டபிள் என்ற தனி அதிகாரம் வேண்டும். ஃபைலின் ஓனராக இருந்தால் போதாது. ஆனால் சாதாரண ரூட்டிடம் அந்த அதிகாரம் எப்போதும் இருக்கிறது. ஆகவே இது திருடனுக்குப் போட்ட பூட்டு இல்லை. மறதிக்கும் அவசரத்துக்கும் போட்ட முடிச்சு. தப்பான ஃபோல்டரில் நின்று அடித்த ஆர்எம், அப்டேட்டின்போது தானாக ஓடி அமைப்பை மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட், இவற்றிலிருந்து காப்பாற்றும். அந்த அளவில் மிக நன்றாகவே காப்பாற்றும்.

இதற்கு நல்ல உதாரணம் கெர்னலிலேயே இருக்கிறது. யுஇஎஃப்ஐ என்ற புதுவகை ஃபர்ம்வேர் (மெஷினைத் துவக்கும் உள் புரோகிராம்) உள்ள கம்ப்யூட்டர்களில் அதன் அமைப்புகள் லினக்ஸுக்குள் ஃபைல்கள் போலவே தெரியும். யாரோ எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை ஓட்டினால் அவையும் சேர்ந்து அழியும். சில மாடல்களில் ஃபர்ம்வேர் அவ்வளவு பலவீனமாக இருந்ததால் மெஷின் மறுபடி ஸ்டார்ட்டே ஆகாமல் செங்கல்லாகிப் போனது. 2016-இல் கெர்னலில் செய்த திருத்தம், அந்த ஃபைல்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாம் பிறக்கும்போதே 'ஐ' கொடியோடு பிறக்கும்படி செய்தது. இன்றைக்கு வேண்டுமென்று மாற்ற நினைப்பவர் முதலில் சாட்டர் போட்டாக வேண்டும். ரூட்டை யாரும் நம்பாமல் இல்லை, ஒரு வினாடி நிதானிக்க வைக்கிறார்கள்.

சாவியைப் பிடுங்கவும் முடியும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் கன்டெய்னருக்குள் இருக்கும் ரூட்டுக்கு அந்த அதிகாரம் இயல்பாகக் கொடுக்கப்படுவதில்லை. எனவே உள்ளிருந்து சாட்டர் அடித்தால் தோற்கும், ஹோஸ்டிலிருந்து பூட்டிய ஃபைலை உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. லினக்ஸில் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஒன்றுக்கும் இந்த அதிகாரத்தை மட்டும் நீக்கிவைக்கலாம். அப்படிச் செய்த பிறகுதான் 'ஐ' ஓரளவு பாதுகாப்பு என்று சொல்ல மனம் வருகிறது.

யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி குடும்பத்தார் இந்த இடத்தில் ஒரு படி முன்னே யோசித்தார்கள். அங்கே கட்டளை சிஹெச்ஃபிளாக்ஸ், 4.4 பிஎஸ்டியில் வந்தது. ஒற்றை எழுத்துக்குப் பதில் சிறு சொற்கள். மாற்ற முடியாதது என்பதற்கு இரண்டு கொடிகள்: யூசிஹெச்ஜி ஓனரே வைக்கலாம், ஓனரே எடுக்கலாம், எஸ்சிஹெச்ஜி ரூட்டுக்கு மட்டும். முன்னால் 'நோ' சேர்த்தால் கொடி இறங்கும். இந்த 'நோ' விதியால் ஒரு வேடிக்கை உண்டு: பேக்கப்பில் சேர்க்காதே என்ற கொடியின் பெயரே 'நோடம்ப்'. அதை எடுக்க 'டம்ப்' என்று எழுத வேண்டும்.

முக்கியமானது செக்யூர்லெவல், அதாவது பாதுகாப்பு நிலையைக் குறிக்கும் எண். கெர்னலில் இந்த எண் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் எஸ்சிஹெச்ஜி கொடியை ரூட்டாலும் இறக்க முடியாது. எண்ணை ஏற்றலாம், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் இறக்க முடியாது. ரீபூட் செய்தாக வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் வழக்கமான ஓட்டத்தில் இது 1-லேயே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் மைனஸ் 1, நீங்களாக ஏற்ற வேண்டும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்ட்களையும் ஆர்சி டாட் கான்ஃபையும் பூட்டாமல் விட்டால், உள்ளே வந்தவர் அவற்றைத் திருத்திவிட்டு ரீபூட் செய்துவிடுவார். பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வாசலுக்கு இரும்புக் கதவு போடும் வேலை அது.

ஃப்ரீபிஎஸ்டியில் இந்தக் கொடி பலருக்கு அறிமுகமாவது ஜெயில் ஒன்றை, அதாவது சிஸ்டத்துக்குள் அடைத்துவைத்த குட்டி சிஸ்டத்தை, அழிக்கும்போதுதான். எல்லாம் போய், சிலது மட்டும் அசையாமல் நிற்கும்: சி லைப்ரரி, இனிட், பாஸ்வேர்ட், எஸ்யூ புரோகிராம்கள், பிறகு வார் எம்ப்டி என்ற காலி ஃபோல்டர். சிஸ்டத்தோடு இவை எஸ்சிஹெச்ஜி கொடியுடனே வருகின்றன. காலி ஃபோல்டருக்கு எதற்குப் பூட்டு என்றால், அது காலியாகவே இருக்க வேண்டும் என்பதற்குத்தான்: எஸ்எஸ்ஹெச் சர்வர் தன் அதிகாரமற்ற பகுதியை அடைத்து வைக்கும் அறை அது. ஜெயிலை அழிக்க:

சிஹெச்ஃபிளாக்ஸ் -ஆர் நோஎஸ்சிஹெச்ஜி ஜெயில்ஃபோல்டர்

இங்கே ஆர் பெரிய எழுத்து. பிறகு ஆர்எம் ஓடும். கொடிகளைப் பார்க்க, பட்டியல் போடும் எல்எஸ் கட்டளையோடு எல், சிறிய ஓ.

மேக் வைத்திருப்பவர்கள் இதே சிஹெச்ஃபிளாக்ஸைத்தான் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். ஃபைண்டரில் 'கெட் இன்ஃபோ' திறந்து 'லாக்ட்' பெட்டியில் டிக் போட்டால் யூசிஹெச்ஜி ஏறுகிறது. ஹோம் ஃபோல்டரில் உள்ள லைப்ரரி ஃபோல்டர் 2011-இல் வந்த லயன் முதல் கண்ணில் படாமல் போனதே, அது ஹிடன் என்ற கொடி. 'நோஹிடன்' என்று கொடுத்தால் திரும்பித் தெரியும். பார்க்க எல்எஸ்ஸோடு எல், பெரிய ஓ. ஃப்ரீபிஎஸ்டியில் சிறிய ஓ, மேக்கில் பெரிய ஓ. 'ரெஸ்ட்ரிக்டட்' என்று ஒன்று தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள். 2015-இல் எல் கேபிடனோடு வந்த சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷன் அது, சூடோவுக்கு அடங்காது. இறக்கிய ஆப்பைத் திறக்க விடாமல் வரும் குவாரன்டைன் எச்சரிக்கையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எக்ஸ்டெண்டட் அட்ரிப்யூட், பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வேறு சாதி.

நடைமுறையில் இந்தக் கொடிகள் கடிக்கும் இடங்கள் சில உண்டு. டிஎன்எஸ் அமைப்பு ஒவ்வொரு ரீபூட்டிலும் மாறுகிறதே என்று கடுப்பாகி இடிசி ஃபோல்டரின் ரிசால்வ் டாட் கான்ஃபில் 'ஐ' வைக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் உலவுகிறது. உபுண்டுவில் அது பெரும்பாலும் நிஜ ஃபைலே இல்லை, ரன் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைச் சுட்டும் சிம்லிங்க், வெறும் வழிகாட்டிப் பலகை. சாட்டர் சிம்லிங்க்கில் வேலை செய்யாது, 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று திரும்பும். சிம்லிங்க்கை அழித்து, நிஜ ஃபைலை வைத்துப் பூட்டினால் வேலை செய்யும்தான். ஆனால் யார் மாற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த சர்வீஸின் அமைப்பைத் திருத்துவதுதான் சரியான வழி. பூட்டுவது சோம்பேறித்தனம். நானும் செய்திருக்கிறேன்.

லாக் ஃபைலில் 'ஏ' வைத்தால், பழைய லாக்குகளை ஒதுக்கும் லாக்ரொட்டேட் நிற்கும், ஏனென்றால் அது பெயர் மாற்றித்தான் சுழற்றுகிறது. அதன் அமைப்பில் சுழற்சிக்கு முன் ஓடும் ப்ரீரொட்டேட்டில் கொடியை இறக்கி, பின் ஓடும் போஸ்ட்ரொட்டேட்டில் ஏற்ற இரண்டு வரி சேர்க்க வேண்டும். புரோகிராம் ஃபைலில் 'ஐ' வைத்தால் அடுத்த ஆப்ட் அப்கிரேடில், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி 'பேக்கப் லிங்க் போட முடியவில்லை' என்று பாதியில் நிற்கும்; அப்கிரேட் அரைகுறையாகக் கிடக்கும். பேக்கப் இன்னொரு கண்ணி: லினக்ஸில் காப்பி எடுக்கும் சிபி, ஃபைல்களை மூட்டை கட்டும் டார் இரண்டும் இந்தக் கொடிகளைச் சுமந்து செல்வதில்லை. மீட்டெடுத்த சர்வரில் பூட்டுகள் எதுவுமே இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் கொடி வைக்கும் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அவ்வப்போது எல்எஸ்ஆட்டரின் வெளியீட்டைச் சேமித்து வையுங்கள். வைத்த தேதியும் காரணமும் அதில் இருந்தால் உங்களுக்குப் பின்னால் வருபவர் என்னை மாதிரி ஆட்களிடம் கேட்க வேண்டியிருக்காது.

அழையாத விருந்தாளி கதையைச் சொல்கிறேன் என்றேன். சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் சிறிய சர்வர் எந்நேரமும் சிபியு நூறு சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் ஃபோல்டரில் அறிமுகமில்லாத ஒரு வரி. அழித்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. சரி, சாட்டர்தான் என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. கிரிப்டோ மைனர் வைத்தவன் தன் க்ரான் ஃபைலையும் எஸ்எஸ்ஹெச் சாவி ஃபைலையும் 'ஐ' போட்டுப் பூட்டிவிட்டு, சாட்டரையே அங்கிருந்து எடுத்துவிட்டான். பூட்டிவிட்டுச் சாவியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போன கில்லாடி. இந்த வகைப் புரோகிராம்கள் இதை வாடிக்கையாகவே செய்கின்றன, சில பெயரை மட்டும் மாற்றி வைக்கும். இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தபோது சாட்டர் திரும்ப வந்தது, கொடி இறங்கியது, ஃபைல் போனது. ஆனால் அந்த சர்வரை அதற்குப் பிறகு நம்பவில்லை. டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் போட்டுவிட்டோம். ரூட் வரை வந்தவன் இன்னும் எங்கெல்லாம் கை வைத்தான் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே உங்கள் ஃபைலுக்கு வருவோம். எல்எஸ்ஆட்டர் மைனஸ் டி போட்டு ஃபைலையும் அதன் ஃபோல்டரையும் பாருங்கள். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட் போட்டுப் படியுங்கள். 'ஐ' இருந்தாலும் படிக்கத் தடையில்லை. பிஹெச்பி அமைப்பு வரிகள் என்றால் மைனஸ் ஐ, பிறகு ஆர்எம், வேலை முடிந்தது. உள்ளே புரியாத நீளமான எழுத்துக் குவியல் இருந்தாலோ சாட்டரே காணவில்லை என்றாலோ எதையும் அழிக்காதீர்கள். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, வேறொரு மெஷினிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்குங்கள்.